காரைக்கால் டு காரைக்குடி... பூட்டிக் கிடக்கும் ஆயிரம் ஜன்னல்!

செமஸ்டர் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு ப்ளான் போட்டாச்சா? கொஞ்சம் பொறுங்க. இந்த வாரம் காவிரித் தண்ணி எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காய்ஞ்ச பூமிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். செட்டிநாடு!

'காரைக்கால்ல இருந்து வர்றேன்'னு சொன்னா, 'ஓ... காரைக்குடியா?'ன்னு திருப்பிக் கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கலை. பேர்ல இருக்கிற ஒத்துமையோட சரி. நம்மளது கடைமடை. ஐப்பசி மழைக்குத் தண்ணி தெருவுல நிக்கும், சில வருஷம் வீட்டுக்குள்ளயே வந்து உட்காரும். அங்கே ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. செம்மண், கருவேலம், பல்லைக் காட்டும் வெயில். பாலைவனம்னு மேப்ல போட மாட்டாங்க. ஆனா மே மாசம் மதியம் ரெண்டு மணிக்குக் கானாடுகாத்தான் தெருவுல நடந்து பாருங்க, ஒட்டகம் எங்கேன்னு தேடுவீங்க.

போறது ரொம்ப ஈஸி. திருவாரூர் போய், அங்கிருந்து பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியா காரைக்குடிக்கு ரயில். பழைய மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்கி 2019ல திரும்ப ரயில் விட்டாங்க. ஜன்னல் சீட் பிடிச்சிடுங்க. வயல், தென்னந்தோப்பு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பச்சை வடிஞ்சு சிவப்பு ஏர்றது, ஏதோ கலர் டி.வி.யில பட்டனைத் திருகின மாதிரி இருக்கும்.

இப்ப மேட்டருக்கு வருவோம். இவ்வளவு வறண்ட இடத்துல, தெருவுக்குத் தெரு அரண்மனை சைஸ் வீடு எப்படி வந்தது? நகரத்தார் வழிவழியா சொல்ற கதைப்படி அவங்க முன்னோர் இருந்தது காவிரிப்பூம்பட்டினத்துல. அதாவது நம்ம ஊருக்கு வடக்கே, இதே கடற்கரையில! கடல் பொங்கி ஊரை அழிச்சதும் கிளம்பிப் பாண்டிய நாட்டுக்குள்ள போய்க் குடியேறினதா சொல்வாங்க. தண்ணியே வராத ஊர்ல வீட்டை அவ்வளவு உசரமான மேடை மேல ஏன் கட்டியிருக்காங்கன்னு கேட்டா, இந்தக் கடல் பயத்தைத்தான் காரணமா சொல்றாங்க. சரித்திர ஆதாரம் கேட்காதீங்க. ஆனா 2004 டிசம்பர் 26 பத்தின பேச்சை வீட்டுல கேட்டுக் கேட்டே வளர்ந்த காரைக்கால் பையனுக்கு அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் சட்டுனு புரிஞ்சிடும்.

வீடு ஒவ்வொண்ணும் இந்தத் தெருவுல வாசல், அடுத்த தெருவுல கொல்லைன்னு நீளுது. கிழக்கு மேற்கா அமைப்பு. திண்ணை, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு, அடுக்களை... ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. முன்வாசல்ல நின்னா கடைசிக் கதவு வரைக்கும் ஒரே நேர்க்கோடு! தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்துன்னு கப்பல்ல வந்து இறங்கியிருக்கு. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டுல நிஜமாவே ஆயிரம் இருக்கான்னு எண்ணாதீங்க, கழுத்து வலிக்கும்.

நான் மயங்கினது தேக்குல இல்லை பாஸ், சுவத்துல. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அடுக்கு அடுக்காப் பூசித் தேய்ச்சிருக்காங்க. உள்ளங்கையை வெச்சுப் பாருங்க, சும்மா ஜில்லுனு பளிங்கு மாதிரி இருக்கும். தடிச் சுவர் பகல் சூட்டை மெதுவாத்தான் உள்ளே விடும். நடு முற்றத்துல சூடான காத்து மேலே ஏற, நிழல் பக்கத்துக் காத்து உள்ளே இழுத்துக்கிட்டு வரும். தெர்மோடைனமிக்ஸ்ல நாம மனப்பாடம் பண்ணி எழுதறோமே, அதே விஷயம்தான். இங்கே நடந்து பார்க்கலாம்.

தண்ணி மேட்டர் இன்னும் சூப்பர். ஓட்டுச் சரிவெல்லாம் முற்றத்தைப் பார்த்து இறங்குது. மழை பெஞ்சா முற்றத்துல அண்டா வெச்சுப் பிடிப்பாங்க. மீதி வடிகால் வழியா ஊருணிக்குப் போகும். மொத்த ஊரோட சரிவும் ஊருணியை நோக்கித்தான். தண்ணி இல்லாத ஊர்க்காரன் ஒவ்வொரு சொட்டுக்கும் வழி போட்டு வெச்சிருக்கான்... தண்ணி மிதக்கிற நாம வாய்க்காலை மூடிக் கடை கட்டிட்டு இருக்கோம்!

ஆத்தங்குடி பக்கத்துலதான் இருக்கு, விட்டுடாதீங்க. கண்ணாடிப் பலகை மேல அச்சை வெச்சு, கலர் சிமென்ட்டை ஊத்தி, மேல மணல் சிமென்ட் கலவையைப் போட்டு அழுத்தித் தண்ணியில ஊற வைக்கிறாங்க. அடுப்பு, சூளை எதுவும் கிடையாது. அந்த மினுமினுப்பு பாலிஷ் இல்லை, கண்ணாடியோட முகம்தான் கல்லுல பதிஞ்சிருக்கு.

சரி, இவ்வளவு காசு எப்படி வந்தது? இதைச் சொல்லாம அழகை மட்டும் சொன்னா அது டூரிஸ்ட் நோட்டீஸ். பர்மா, இலங்கை, மலேயான்னு போய் வட்டிக்குக் கொடுத்த பணம் அதுல பெரும்பங்கு. 1930களின் பொருளாதார மந்தத்துல அரிசி விலை விழுந்தது, பர்மா விவசாயிகளால கடனைக் கட்ட முடியலை. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீதமா இருந்த செட்டியார்கள் கைவச நிலம், அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள 25 சதவீதமாச்சு. நெல்லுக்குக் கடன் வாங்கி நிலத்தை விட்ட கதை டெல்டாக்காரனுக்குப் புதுசா என்ன? அந்தத் தேக்குத் தூணைத் தடவும்போது இதுவும் ஞாபகம் இருக்கட்டும். அப்புறம் 1942ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தது, சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமையாக்கியது. பணம் வந்த வழி அடைபட்டுப் போச்சு. வீடு மட்டும் நின்னுச்சு.

அந்தப் பணத்துல ஒரு பங்கு நம்ம படிப்புக்கும் வந்திருக்கு. 1929ல சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச அண்ணாமலைச் செட்டியாரோட அரண்மனை கானாடுகாத்தான்லதான் இருக்கு. காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948ல நேரு அடிக்கல் நாட்டினார்.

அமெரிக்காவுல மார்ஃபான்னு ஒரு ஊர். டெக்சாஸ் பாலைவனத்துல, 2020 கணக்குப்படி ரெண்டாயிரம் பேர்கூட இல்லாத இடம். 1970கள்ல டொனால்ட் ஜட்ங்கற கலைஞர் நியூயார்க்கிலிருந்து அங்கே போய், ராணுவம் காலி பண்ணின பீரங்கி ஷெட்டுகள்ல நூறு அலுமினியப் பெட்டிகளை வரிசையா வெச்சார். 1986ல அது மியூசியமாத் திறந்தது. இன்னிக்கும் உலகத்தின் மூலை முடுக்குல இருந்தெல்லாம் ஆள் போய்ப் பார்க்குது. காலி ஷெட்டுக்கே அவ்வளவு மவுசுன்னா, நம்ம வீடுகளுக்கு எவ்வளவு இருக்கணும்? செட்டிநாடு 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறினது நிஜம். பட்டியல் ஓட்டைத் தாங்கிப் பிடிக்காதே!

ஒரு வீட்டுக்கு இன்னிக்குப் பத்து, இருபதுன்னு பங்காளிகள். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல. ஒரு ஓடு உடைஞ்சா யார் செலவு பண்றது? யாரும் பண்ண மாட்டாங்க. மழை இறங்கும், மர உத்தரம் உளுத்துப் போகும், அப்புறம் இடிச்சு வித்துடலாம்னு ஒருமனசா முடிவெடுப்பாங்க (அதுக்கு மட்டும் எல்லார் கையெழுத்தும் சீக்கிரம் கிடைச்சிடுது!). காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்க. தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி, யாரோட தாத்தா போட்டோவோ... எல்லாம் விலைக்கு. வேடிக்கை பாருங்க, தப்பில்லை. கதவை மட்டும் வாங்கிட்டு வந்து ஹாஸ்டல் ரூமுக்கு 'ஆன்டிக் லுக்' கொடுக்கறேன்னு கிளம்பாதீங்க, ப்ளீஸ். அங்கே ஒரு கதவு விக்குதுன்னா எங்கேயோ ஒரு வீடு போயிடுச்சுன்னு அர்த்தம்.

சிவில், ஆர்க்கிடெக்சர் மக்களே, உங்களுக்குத்தான் இது. மினி ப்ராஜெக்ட்டுக்குக் கடையில ரெடிமேட் ரிப்போர்ட் வாங்கற காசுல நாலு பேர் போயிட்டு வந்துடலாம். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு கேமரா. வீட்டைப் பார்த்துக்கறவங்ககிட்ட முதல்ல அனுமதி கேளுங்க. சில வீடுகள்ல சின்னதா கட்டணம் வாங்கிட்டு உள்ளே விடறாங்க. முகப்புல ஆரம்பிச்சுக் கொல்லை வரைக்கும் அளந்து, ப்ளானும் செக்‌ஷனும் வரைஞ்சு, ஒரு காப்பியை வீட்டுக்காரங்களுக்கே கொடுத்துடுங்க. வீடு நாளைக்கு இல்லாமப் போனாலும் வரைபடம் இருக்கும். பங்காளிகள் ரிப்பேருக்கு உட்கார்ந்து பேசினாங்கன்னா, எங்கே எந்த உத்தரம் போயிருக்குன்னு காட்ட ஒரு பேப்பராவது கையில இருக்குமே!

மார்கழி, தை மாசத்துல போங்க. திரும்பும்போது மறக்காம கந்தரப்பம். முதல்ல ரெண்டு போதும்னுதான் சொல்வீங்க...