கடிகாரம் எண்ணும், சுமப்பவர் யார்?

தியானப் பகுதி: மாற்கு 2:1-12



வெளியூரில் உழைக்கும் பிள்ளைகள் நம் குப்பங்களில் வாழும் பெற்றோருக்கு அனுப்பும் அன்பளிப்புகளில் இப்போது ஸ்மார்ட் கைக்கடிகாரமும் ஒன்றாகிவிட்டது. நடந்த அடிகளையும் இதயத் துடிப்பையும் உறங்கிய நேரத்தையும் அது கணக்கிடுகிறது. அந்த அன்பு மதிக்கத்தக்கது. ஆயினும், கையில் கடிகாரம் இருக்கிறது என்னும் துணிவில் மருத்துவரிடம் போகாதிருப்பது ஆபத்து.

அதன் அடிப்பகுதியில் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். தோலுக்கடியில் ஓடும் இரத்தம் அவ்வொளியை உறிஞ்சுகிறது. துடிப்புக்குத் துடிப்பு, திரும்பிவரும் ஒளி கூடிக் குறைகிறது. அதைக் கொண்டே கடிகாரம் துடிப்பை எண்ணுகிறது. ஓய்ந்திருக்கையில் இக்கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும்; வலை இழுக்கையில் கையசைவால் பிழைபடக்கூடும்.

ஊசி குத்தாமலே சர்க்கரையின் அளவைக் காட்டும் என விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய எதையும் தான் அங்கீகரிக்கவில்லை என்றும் அறிவித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே கேடு விளையும். மாரடைப்பையும் கடிகாரம் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. மார்பு அழுத்தினால், மூச்சு முட்டினால், உடல் வியர்த்துக் கொட்டினால், கடிகாரத்தைப் பாராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தை நீங்கள் அறிவீர்கள். மேலே நீர் அமைதியாய்த் தோன்றும். அடியில் மணல் மேடிட்டிருக்கும். உயர் இரத்த அழுத்தமும் அப்படியே. வலியில்லை, அடையாளமில்லை, ஒருநாள் படகைக் கவிழ்த்துவிடும். புயத்தில் பட்டை கட்டி அளந்து பார்ப்பதே அதற்கு நம்பகமான வழி. சர்க்கரைக்கு ஒரு துளி இரத்தம் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவ்விரண்டையும் வீடு தேடி வந்தே பார்க்கிறார்கள், மாத்திரைகளும் தருகிறார்கள். அவர்கள் வரும் வேளையில் நீங்கள் ஏரியில் இருந்தால், தொழிலில்லாத நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

ஜெபம் போதாதா என்று சிலர் கேட்கலாம். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான், கர்த்தர் கேட்டருளினார். ஆயினும் அத்திப்பழ அடையும் அவனுடைய பிளவையின்மேல் வைக்கப்பட்டது. ஜெபித்தவன் மருந்தைத் தள்ளவில்லை.

இன்றைய தியானப் பகுதிக்கு வாருங்கள். கப்பர்நகூமின் திமிர்வாதக்காரனுடைய நிலையை அறிந்தவர் ஊரில் பலர் இருந்திருப்பர். ஆனால் அவனைச் சுமந்து வந்தவர்கள் நால்வர். வாசலில் இடமில்லாதபோது கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார்.

கடிகாரம் எண்ணும், யாரையும் சுமக்காது. பிள்ளைகளே, கடிகாரத்தை அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பெற்றோரைக் கேளுங்கள். அயலாரே, தனித்து வாழும் மூத்த தாயாருக்குத் துணையாகப் பொன்னேரி அரசு மருத்துவமனை வரை சென்று வாருங்கள். ஒரு நாள் வருமானம் குறையலாம், ஆனால் ஓர் உயிர் காக்கப்படும்.

கரைவலையைத் தனியொருவர் இழுக்க முடியாதென்று அறிந்த மக்கள் நாம். இந்த வாரம் நீங்கள் யாரைச் சுமக்கப் போகிறீர்கள்?

கர்த்தர் உங்கள் சரீரத்தையும் ஆத்துமாவையும் காத்தருள்வாராக. ஆமென்.