அளந்து பார்க்காமல் கழற்றாதீர்கள்

எங்கள் ஊரில் ஒரு டபள் கெப்பின் ரேடியோ ஸ்கிரீன் பழுதானால் அதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான். "காக்கா, இது இனிச் சரிவராது. கழற்றிப்போட்டுப் புது அண்ட்ரொய்ட் செட் ஒன்று பூட்டுவோம்."

இந்தத் தீர்ப்பு வர ஒரு நிமிடம் போதும். கையில் மீற்றர் இல்லை. ஃபியூஸைக் கழற்றிப் பார்க்கவில்லை. "எப்ப இருந்து இப்படி? ஸ்டார்ட் பண்ணும்போதா, வெயிலில் நிற்கும்போதா, குழியில் விழும்போதா?" என்று வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி கூட இல்லை.

காய்ச்சல் என்று கொண்டுபோன பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மருந்து எழுதினால் நாங்கள் சும்மா இருப்போமா? வாகனம் என்றதும் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு காசை எண்ணிக் கொடுக்கிறோம்?

சிலருக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். "ஒரு ரேடியோவுக்கு இவ்வளவு கதையா?" என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் கெப் வைத்திருப்பவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வட்டைக்கு உரமும் விதைநெல்லும் ஏற்றுபவர், விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றுபவர், சீமெந்தும் கம்பியும் ஏற்றுபவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் இருந்த வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்டியவர்கள் இவர்கள். அவர்களுடைய ஒரு போக உழைப்பில் இருந்து தேவையில்லாமல் ஒரு ரூபா போனாலும் அது அநியாயம்தான்.

ஆகவே விசயத்துக்கு வருவோம். தொடுதிரை ரேடியோ ஒன்று வேலை செய்வதற்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவையில்லை. சந்தையில் விற்கும் செட்களின் பின்னால் முக்கியமாக மூன்று வயர்கள் இருக்கும். மஞ்சள் வயர் பற்றரியில் இருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு வயர் எர்த். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் செட்டைக் குறை சொல்ல முடியும். இந்த மூன்றையும் அளக்காமல் "செட் போய்விட்டது" என்று சொல்வது ஊகம். ஊகத்துக்கு நாங்கள் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

நோயைச் சொன்னாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். பாருங்கள்:

செட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ். வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஒன்று இருக்கும். பல செட்களின் முதுகிலும் ஒன்று இருக்கும். ஃபியூஸ் நல்லது என்றால் மஞ்சள், சிவப்பு, கறுப்பு.

சாவியை நிற்பாட்டிப் போட்டால் ஒவ்வொரு முறையும் நேரமும் ஸ்டேசன்களும் மறந்துபோகிறதா? மஞ்சள் வயருக்குக் கரண்ட் தொடர்ந்து வரவில்லை, அல்லது மஞ்சளும் சிவப்பும் மாறிக் கிடக்கின்றன. செட்டில் பிழை இல்லை.

குழியில் விழும்போது அணைந்து அணைந்து எரிகிறதா? எர்த் தளர்ந்திருக்கலாம், பின்னால் உள்ள சொக்கட் சரியாக இறுகாமல் இருக்கலாம். எங்கள் வட்டைப் பாதையில் ஓடும் வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு கணம் அணைகிறதா? பல வண்டிகளில் அது இயல்பு. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரம் ரேடியோவுக்குப் போகும் கரண்ட் வெட்டப்படும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் செட் திணறுகிறது என்றால் பற்றரியை அளந்து பாருங்கள். நிற்கும் வண்டியில் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் அல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். அப்படியிருக்க ஸ்கிரீனை மாற்றினால் புது ஸ்கிரீனும் அதே திணறலைத்தான் திணறும்.

சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். பின்விளக்கோ, உள்ளே போகும் தட்டை வயரோ, திரையோ காரணம்.

படமும் சத்தமும் நன்றாக இருக்கிறது, ஸ்டியரிங் பட்டனும் வேலை செய்கிறது, விரல் வைத்தால் மட்டும் கேட்கவில்லை, அல்லது யாரும் தொடாமலே தானாக ஸ்டேசன் மாறுகிறது. இதுதான் மிகக் கூடுதலாக வரும் முறைப்பாடு. திரைக்கு மேலே தொடுகையை உணரும் ஒரு தனிக் கண்ணாடிப் படை இருக்கிறது. வருடக் கணக்காக வெயிலில் நிற்கும் வண்டியில் அந்தப் படையின் பசை இளகும். ஓரங்களில் தூசும் ஈரமும் இறங்கும். முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, துணியால் ஓரங்களைத் துடைத்து, செட்டில் சின்னத் துளையாக இருக்கும் ரிசெட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்துமுன் உங்கள் அமைப்புகள் அழியக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சில செட்களில் தொடுகையைச் சரிசெய்யும் பகுதியும் உண்டு. அதற்கும் சரிவராவிட்டால் பல மொடல்களுக்கு அந்தக் கண்ணாடியை மட்டும் தனியாக வாங்கலாம். முழுச் செட்டையும் குப்பையில் போட வேண்டிய தேவையே இல்லை.

இவ்வளவும் பார்ப்பதற்கு அரை மணித்தியாலமும் ஒரு மல்டிமீற்றரும் போதும். சாதாரண மல்டிமீற்றர் ஒரு சோடிச் சப்பாத்தின் விலைக்குள் கிடைக்கிறது.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய செட்டும் இருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பிடித்திருந்தால், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்காவிட்டால், நினைவகச் சில்லு தேய்ந்துபோயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சில்லு தேய்வது கதையல்ல. 2021 இல் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறக்குறைய 135,000 கார்களைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. திரைக்குப் பின்னால் இருந்த நினைவகம் எழுதி எழுதியே தேய்ந்துபோனது. அதோடு ரிவர்ஸ் கமராவின் படமும் போனது. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் அதை வெறும் ரேடியோப் பழுது என்று விடவில்லை, பாதுகாப்புக் குறைபாடு என்று சொன்னது. ஆக, மாற்றுவது தவறில்லை. காரணம் தெரியாமல் மாற்றுவதுதான் தவறு.

இனி மாற்றும் விதத்துக்கு வருவோம். எங்களுக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

கொம்பனி சொக்கட்டை வெட்டி எறிகிறார்கள். அந்த வண்டிக்குப் பொருந்தும் இணைப்பு வயர்த் தொகுதி தனியாக விற்கிறது. அதை வாங்கினால் ஒரு வயரும் வெட்டாமல் பூட்டலாம், பிறகு பழைய செட்டையும் திரும்பப் போடலாம். அதை வாங்கச் சொல்லாமல் வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேசன் டேப் சுற்றுகிறார்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் வெக்கையில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். பிறகு வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்.

அப்படித் தொட்டு ஃபியூஸ் எரிந்தால் அடுத்த கொடுமை. 10 அம்பியர் ஃபியூஸ் எரிகிறதா, 20 போடு. ஃபியூஸ் எரிவது வயரைக் காப்பாற்றுவதற்காக. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்த முறை எரியப்போவது வயர். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நாங்களும் எங்கள் பிள்ளைகளும்.

சிவப்பு வயரையும் மஞ்சளோடு சேர்த்துக் கட்டிவிடுவது இன்னொரு பழக்கம். செட் எரிகிறது, வண்டிக்காரர் சந்தோசமாகப் போகிறார். செட் இரவெல்லாம் உறங்காமல் கரண்ட் குடிக்கிறது. சில நாட்களில் பற்றரி இறங்குகிறது. அப்போது அதே கடையில் என்ன சொல்கிறார்கள்? "காக்கா, பற்றரி பழசு, புதுசு போடுங்க."

கமராவும் அப்படித்தான். சில வண்டிகளோடு வந்த ரிவர்ஸ் கமரா 6 வோல்ட்டில் வேலை செய்வது. அளக்காமல் 12 வோல்ட் கொடுத்தால் நல்ல கமராவும் போய்விடும்.

ஜப்பானில் இருந்து நேரே வந்த வேன், கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. அங்கே எஃப்எம் வரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 95 உடன் முடிகிறது. எங்கள் ஸ்டேசன்கள் 108 வரை போகின்றன. ஸ்டேசன் பிடிக்கவில்லை என்றால் அந்த ரேடியோ பழுது இல்லை, அது வேறு நாட்டுக்குச் செய்தது. அலைவரிசை மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை அன்டெனா வயரில் போட்டாலே பல ஸ்டேசன்கள் கேட்கும். இதையும் "செட் போய்விட்டது" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

புதுச் செட்டின் பெட்டியில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். பெரிய ரேம், புதிய அண்ட்ரொய்ட் என்று எழுதிவிட்டு, மென்பொருளிலும் பொய்யான எண்ணைக் காட்டும் மலிவுச் செட்கள் சந்தையில் உண்டு. காசு கொடுக்கும் முன் கடையிலேயே செட்டை எரித்து, உள்ளே இருக்கும் சில்லைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

கடைசியாக, கையில் எடுத்தால் ஊரே சண்டைக்கு வரும் விசயம். புதுச் செட் பூட்டியதும் முதலில் கேட்பது, "ஓடும்போது வீடியோ பார்க்கலாம்தானே?" ஹேண்ட்பிரேக்கோடு இணைக்க வேண்டிய வயரை எர்த்தில் கட்டி அந்தத் தடையை நீக்கியும் கொடுக்கிறார்கள். சாரதியின் கண்ணுக்கு முன்னால் படம் ஓடுகிறது, பின்னால் பெட்டியில் ஆட்கள் நிற்கிறார்கள்.

2022 இல் சுவீடனின் வி பிலாகரே என்ற வாகனச் சஞ்சிகை ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது ரேடியோ ஸ்டேசன் மாற்றுவது போன்ற சில சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன் வைத்த 2005 ஆம் ஆண்டு வொல்வோவில் 10 வினாடி, ஏறக்குறைய 300 மீற்றர். தொடுதிரைக் கார்களில் மோசமானதில் ஏறக்குறைய 45 வினாடி, 1,300 மீற்றருக்கு மேல். இது இப்படியான சின்ன வேலைகளுக்கு மட்டும். படம் பார்ப்பதற்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"வேலை கூட, நேரம் இல்லை. அளந்து கொண்டிருந்தால் கடை ஓடாது" என்று பாஸ்மார் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எங்களில் பலர் பார்த்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்பவர்கள். "ஒரு வயரை இறுக்கினதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுபவர்கள், புதுச் செட்டுக்கு மட்டும் கேட்ட காசைக் கொடுக்கிறார்கள். அறிவுக்குக் கூலி இல்லை, பொருளுக்கு மட்டும்தான் கூலி என்றால் எந்த பாஸும் பொருளைத்தான் விற்பார். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு என்று ஒரு கூலி வையுங்கள், அதை நாங்கள் தருகிறோம். ஆனால் கண்டுபிடியுங்கள். எங்கள் வண்டி உங்கள் கையில் இருக்கும் வரை அது அமானிதம்.

ஆசிரியர்களாக எங்களுக்கு இதில் இன்னொரு வலி இருக்கிறது. சாதாரணதர விஞ்ஞானத்தில் வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகவும் அம்பியர்மானியைத் தொடராகவும் இணைக்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் படம் கீறிப் புள்ளியும் எடுக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அவர்களில் சிலர் வயறிங் கடைகளுக்கு வேலை பழகப் போகிறார்கள். அங்கே அவர்கள் முதலில் பழகுவது வயர் வெட்டும் குறட்டை. மீற்றர் லாச்சிக்குள் கிடக்கிறது. படித்த பிள்ளையை ஊகிக்கப் பழக்குகிற தொழிலாக இது மாறினால் நாளை இந்த ஊரில் நல்ல வாகன மின் தொழிலாளி ஒருவரும் மிஞ்சமாட்டார்.

ஆகவே அடுத்த முறை உங்கள் கெப்பின் ஸ்கிரீன் கறுத்துப்போனால் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றையும் அளந்தீர்களா? எவ்வளவு காட்டியது?
2. பழுது செட்டிலா, வயரிலா, பற்றரியிலா?
3. தொடு கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாதா?
4. மாற்றத்தான் வேண்டும் என்றால் சொக்கட்டை வெட்டாமல் பூட்டுவீர்களா? பழைய செட்டை எங்கள் கையில் தருவீர்களா?

பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள், அவர் கேட்கும் கூலியையும் குறைக்காமல் கொடுங்கள். அப்படி அளந்து பார்த்து வேலை செய்யும் பாஸ்மார் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுடைய கடை எங்கே என்று கீழே எழுதுங்கள். நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்.