முக்கால் பங்கு எரிபொருளும் கால் பங்கு தமிழும்

சிங்கப்பூரில் பதிவான மகிழுந்து ஜொகூருக்குச் செல்ல வேண்டுமெனில், புறப்படும்போது அதன் எரிபொருள் கலன் முக்கால் பங்காவது நிறைந்திருத்தல் வேண்டும். இது சட்டம். பெற்றோர் எவரும் இதை மறப்பதில்லை. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் தமிழ் எத்தனை பங்கு உள்ளது என்பதைத்தான் எவரும் பார்ப்பதில்லை.

அண்மையில் என் மாணவர்களை 'வார இறுதிப் பயணம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். பலரும் ஜொகூர் பாருவையே எழுதினர். பேரங்காடி, உணவு, வாகன நெரிசல், வீடு; அவ்வளவே. "அங்கே யாரிடம் தமிழில் பேசினாய்?" என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "யாரிடமும் இல்லை, ஆசிரியர். அப்பா ஆங்கிலத்திலேயே எல்லாம் வாங்கிவிட்டார்" என்றான்.

1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தொடக்கப்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. நம் தீவிலோ, உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி முடிந்தது. இவ்வரலாற்றை எத்தனை பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? அப்பள்ளிகளுள் ஒன்றன் பெயர்ப்பலகையையாவது வண்டியை நிறுத்திக் காட்டியிருக்கிறோமா?

"வகுப்பில் கற்பிக்கும் தமிழ் போதவில்லை" எனப் பெற்றோர் சந்திப்பில் குறைப்படும் பெற்றோரே! வகுப்பு நேரம் எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். பாலத்து நெரிசலில் கழியும் இரண்டு மணி நேரம் யாருடையது? அந்நேரத்தில் பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணித்தது யார்?

ஆசிரியர்களாகிய நாமும் குற்றமற்றவரல்லர். 'கண்ணைக் கவரும் காட்சி' போன்ற மனனத் தொடர்களுக்கு மதிப்பெண் வழங்கி, கண்டதை எழுதும் துணிவைப் பறித்துவிட்டோம்.

அடுத்த பயணத்தில் தமிழர் கடையொன்றில் உங்கள் பிள்ளையே விலை கேட்கட்டும். திக்கினால் திக்கட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள். எரிபொருளைச் சட்டம் கேட்கும். தமிழை நாம்தான் கேட்க வேண்டும்.