கைப்பிடி அரிசி

ஆங்கிலத்தில் ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று ஓர் ஏளனப் பெயர் உண்டு. வயிற்றுப்பாட்டை உத்தேசித்து மதம் மாறியவர்கள் என்பது அதன் தாத்பர்யம். சீன தேசத்திலும் நம் தேசத்திலும் கிறிஸ்தவ சபையில் சேர்ந்த ஏழை ஜனங்களைக் குறித்து இந்தப் பெயரை வழங்கினார்கள். அப்படி வழங்கியவர்களில் அநேகர் கிறிஸ்தவர்களாகவே பிறந்து, வேளை தவறாமல் மேஜை முன் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் என்பதுதான் வேடிக்கை. பட்டினியை அறியாதவனுக்கு அடுத்தவன் பசி எப்போதும் சந்தேகத்துக்கு உரியதாகத் தோன்றும் போலும்!

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இந்த வசை புதிதல்ல. 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போதும், அதை அடுத்தும், அந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சும் உடனே சேர்ந்துகொண்டது. அந்தச் சேர்க்கையில் பசிக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க நான் முற்படவில்லை. பசித்தவன் தனக்குக் கஞ்சி வார்த்த கையை நம்புவதில் என்ன அவமானம் இருக்கிறது? ஆனால், அரிசிக்காக வந்தவர்கள் என்று பெயர் வாங்கிய அந்த ஜனங்கள், அரிசி கைக்கு வந்த பிறகு அதை என்ன செய்தார்கள் என்று ஏளனம் செய்தவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. அதை இந்த வாரம் நாம் கொஞ்சம் விசாரிக்கலாம்.

தெற்கே கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டு அம்மாள் உலை வைத்துவிட்டு, அன்றைக்கு வேண்டிய அரிசியைப் பானையிலிருந்து அளந்து எடுக்கிறாள். களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு கை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் வேறொரு சிறு கலயத்தில் போடுகிறாள். வாய்க்குள் இரண்டு வார்த்தை ஜெபம். பிறகு மிச்சத்தைக் களைந்து உலையில் இடுகிறாள். இதற்குக் கைப்பிடி அரிசி என்று பெயர். கலயத்தில் சேர்ந்ததை வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோ கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அல்லது சபையைச் சேர்ந்த ஒரு ஸ்திரீ பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாய் வருவாள். அந்த அரிசி விற்ற பணம் உபதேசியாரின் சம்பளத்துக்கும், கோயில் செலவுக்கும், ஏழைகளின் சகாயத்துக்கும் போகும்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. கையளவு அரிசியைப் பானையிலிருந்து நேரே எடுத்திருந்தால் பானைதான் குறையும். அது என்றைக்கோ ஒரு நாள் தெரியவரும். அளந்ததிலிருந்து எடுப்பதால், அன்றைக்கே, அந்த வேளையிலேயே, வீட்டில் யாரோ ஒருவருக்கு ஒரு கவளம் குறைகிறது. அந்த ஒருவர் யார் என்று நம் நாட்டுக் குடும்பங்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷனுக்குக் குறையாது, பிள்ளைகளுக்குக் குறையாது, எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட உட்காருகிறவளுக்குத்தான் குறையும். ஆகவே இந்தக் காணிக்கை குடும்பத்தின் பெயரால் செல்லுகிறதே தவிர, உண்மையில் கொடுப்பவள் ஒருத்திதான். சந்தாப் புஸ்தகத்தில் பணம் எழுதுவது புருஷர்களின் பெயரில். அவள் கையில் பணம் ஏது? ஆனால் அரிசி தினந்தோறும் அவள் கையைத் தாண்டித்தான் உலைக்குப் போக வேண்டும். தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருளிலிருந்து அவள் கொடுத்தாள்.

ஒரு கை அரிசி என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கை ஐம்பது கிராம் என்றும், நாளுக்கு ஒரு வேளை என்றும் வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒரு வீட்டிலிருந்து பதினெட்டு கிலோ சேரும். நூறு வீடுள்ள சிற்றூர் ஒன்றில் 1,800 கிலோவுக்கு மேல் ஆகிறது. பணமாகக் கேட்டிருந்தால் அந்த நூறு வீடுகளில் பாதி வீடுகள் கதவைச் சாத்தியிருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

பொழுது விடிந்து பொழுது போனால் செய்யும் இந்தச் சிறு காரியத்துக்கும் பெரிய வேத சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிறிஸ்தவர்கள் தங்கள் ஜீவியத்தைக் குறித்துப் பேசும்போது அடிக்கடி மூன்று சொற்களைச் சொல்கிறார்கள்: விசுவாசம், நம்பிக்கை, கிருபை. நம் வீட்டுப் பேச்சில் முதல் இரண்டும் ஒன்றுதான்; கடவுளை நம்புகிறோம், மழை வரும் என்றும் நம்புகிறோம். கிறிஸ்தவத் தமிழ் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. கடவுளின்மேல் வைப்பது விசுவாசம். இனி வரப்போவதை எதிர்பார்த்துப் பொறுத்திருப்பது நம்பிக்கை. கத்தோலிக்கர் விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம் என்று இரண்டு தனித்தனி ஜெபங்களையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிருபை என்பது புராட்டஸ்டாண்டு சபையார் பெரிதும் வழங்கும் சொல். பழைய கத்தோலிக்க ஜெபங்களில் அதே பொருளுக்குப் ‘பிரியதத்தம்’ என்று ஒரு சொல் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ‘அருள்’ என்று மாற்றிவிட்டார்கள். அருள் நல்ல தமிழ்ச் சொல் என்பதில் ஆக்ஷேபம் இல்லை. ஆனாலும் பிரியதத்தம் போய்விட்டதே என்று எனக்குச் சற்று வருத்தந்தான். பிரியத்தினால் கொடுக்கப்பட்டது! கூலி இல்லை, கடன் இல்லை, பிச்சையும் இல்லை. கலயத்தில் விழும் அந்த ஒரு கை அரிசிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

பைபிளில், சாறிபாத் என்ற ஊர் விதவை ஒருத்தியின் கதை வருகிறது. மழையின்றி நாடு வறண்ட காலம். அவள் வீட்டுப் பானையில் ஒரு பிடி மாவும், கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மாத்திரம் மிச்சம். தானும் தன் மகனும் கடைசியாக ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போவது என்ற தீர்மானத்துடன் விறகு பொறுக்குகிறாள். அப்போது எலியா தீர்க்கதரிசி வந்து தண்ணீர் கேட்கிறார். கூடவே அப்பமும் கேட்கிறார். உள்ளதை அவள் சொல்லுகிறாள். அதைக் கேட்ட பிறகும், முதலில் எனக்கு ஓர் அடை செய்து கொண்டுவா, பிறகு உனக்கும் மகனுக்கும் செய்துகொள் என்கிறார் அவர்!

மிகவும் கடினமான வார்த்தை. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஈவிரக்கமற்றவன் என்று நாம் தூற்றியிருப்போம். ஆனால் அவள் அப்படியே செய்தாள். அதற்கப்புறம் மழை வரும்வரையில் பானையில் மாவு தீரவில்லை, எண்ணெயும் குறையவில்லை என்பது கதை. இதைப் பிரசங்கிக்கிறவர்கள் சிலர், ஒன்று கொடுத்தால் நூறாய்த் திரும்பி வரும் என்று லாபக் கணக்கு ஒட்டிவிடுகிறார்கள். கதையை நிதானமாய்ப் படித்தால் அப்படி ஒன்றும் காணோம். களஞ்சியம் நிரம்பியதாகச் சொல்லவில்லை. மறுநாள் பானையில் கை விட்டபோது அன்றைக்கு ஆகும்படி மாவு இருந்தது, அவ்வளவுதான். அவள் தினமும் பயந்துகொண்டேதான் கையை விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். தெற்கத்திக் கிராமங்களில் கைப்பிடி அரிசி போட்ட ஸ்திரீகளின் நம்பிக்கையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

திருநெல்வேலிச் சபையின் ஆரம்பத்திலேயே ஒரு ஸ்திரீயின் கொடை இருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை ஒருத்தி, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ உத்தியோகஸ்தருடன் வாழ்ந்து, அவரிடமே கிறிஸ்தவ வேதத்தைக் கற்றாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டபோது, விவாகமின்றி வாழ்கிறவளுக்கு முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அந்த உத்தியோகஸ்தர் இறந்தபின், 1778-இல், பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, குளோரிந்தா என்று பெயரிட்டார். வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட அவள்தான் அந்த ஊரில் முதல் கோயிலைக் கட்டுவித்தாள். 1785-இல் பிரதிஷ்டையான அந்தக் கோயிலை ஜனங்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். 1780-இல் எழுதிய சபை ஜாபிதாவில் சுமார் நாற்பது பேர். பல ஜாதிகளைச் சேர்ந்த அந்த நாற்பது பேரும் ஒரே ஏட்டில் வரிசையாய் இருக்கிறார்கள்.

ஏட்டில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் கோயிலுக்குள் எப்போதும் சேர்ந்து உட்கார்ந்தார்களா என்றால், இல்லை. இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அதே ஜில்லாவில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் ஒரே பீடத்துக்கு எதிராக இரண்டு மண்டபங்கள் கட்டி, ஜாதிக்கு ஒன்றாய் ஜனங்களைப் பிரித்து, நடுவே சுவரும் வைத்திருந்தார்கள். அந்தச் சுவரை 1910-இல் பாதிரியார் இடித்தார். உடனே வியாஜ்யம் கோர்ட்டுக்குப் போயிற்று. சுவர் மறுபடி எழும்பவில்லை. கல்லறைத் தோட்டங்களில் ஜாதி இன்றைக்கும் பல இடங்களில் ஒழிந்தபாடில்லை. செத்த பிறகும் விலகிப் படுக்கவேண்டும் என்கிறவர்களுக்குக் கிருபை என்ற சொல் எப்படி நாவில் வருகிறதோ தெரியவில்லை. கைப்பிடி அரிசிச் சாக்குக்கு மாத்திரம் இந்த வித்தை தெரியாது. எந்த வீட்டு அரிசி எது என்று பொறுக்கிப் பிரிக்க யாராலும் ஆகாது.

பிடி அரிசியும் சில்லறைக் காசுமாய்க் கொடுத்துப் பழகிய ஜனங்களிடையேதான், 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றிற்று. வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா அதற்கு முன்னின்று உழைத்தார். அந்நிய நாட்டுப் பணம் வேண்டாம். நம் ஜனங்கள் கொடுப்பதைக்கொண்டு நம் ஜனங்களே நடத்துவது என்பது அதன் விரதம். வங்காளப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் கிளம்பியது 1905-இல் என்பதை நேயர்கள் ஞாபகப்படுத்திக்கொண்டால், இந்தப் பனங்காட்டு ஜனங்கள் எவ்வளவு முந்திக்கொண்டார்கள் என்பது விளங்கும். தெலுங்கு நாட்டில் டோர்ணக்கலுக்கு இவர்கள் ஊழியர்களை அனுப்பினார்கள். பின்பு அசரியாவும் அங்கே சென்றார். 1912-இல் அவ்விடத்துக்கே அத்தியக்ஷரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அவருக்குக் கீழே வெள்ளைக்காரக் குருமார்களும் வேலை செய்தார்கள்.

பிடி அரிசி ஒரு மதத்தாரின் தனிச் சொத்து என்று நினைக்கக் கூடாது. காஞ்சிப் பெரியவர் ஒவ்வொரு வீட்டிலும் தினம் ஒரு பிடி அரிசி ஒதுக்கி வைத்து, அதைக் கோயிலில் சமைத்து ஏழைகளுக்கு வழங்கும்படி உபதேசித்தார். வடகிழக்கே மிஸோ மலைகளில் பிரஸ்பிடேரியன் சபையார் 1910 முதல் இதே வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறார்கள். இன்று அங்கே அரிசிப் பிடியிலிருந்து மாத்திரம் வருஷந்தோறும் பல கோடி ரூபாய் சேர்ந்து விடுகிறது. அடுப்புக்கு முன்னால் நிற்கும் கை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி யோசிக்கிறது.

நம் பக்கத்தில் வழக்கம் குறைந்துகொண்டுதான் வருகிறது. குக்கர் வந்துவிட்டது, அளவு டம்ளர் வந்துவிட்டது, மாதக் காணிக்கையை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. உறை சௌகரியமானதுதான். அதில் போட்ட நோட்டினால் அன்று ராத்திரி யாருக்கும் ஒரு கவளம் குறைவதில்லை.

இருந்தாலும் கலயம் அடியோடு மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாய்க் கிடைக்கிறது. சர்க்கார் சும்மா கொடுத்த அரிசியிலிருந்து காணிக்கை எடுக்கலாமா, அது நம்முடையது ஆகுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேறெந்த அரிசி நம்முடையது என்று ஏழை வீட்டு அம்மாள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அவள் பாட்டுக்கு ஒரு கை அள்ளிப் போடுகிறாள். கோயிலில் அது வசதியுள்ள வீட்டுப் பொன்னி அரிசியோடு ஒரே சாக்கில் விழுகிறது. கலப்பட அரிசி ஒரே பதத்தில் வேகாது. ஒன்று குழையும்போது மற்றொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகையால் ஏலத்தில் அதற்கு நல்ல விலை கிடைப்பதில்லை. மலிவாய்ப் போகிறதே என்று அதை எடுத்துக்கொண்டு போகிறவர்களில் ஏழைகளும் உண்டு. அந்த வீடுகளிலும் உலையில் இடுமுன் ஒரு கை எடுத்து வைக்கப்படும்.