எட்டுப் போட்டவன் இருட்டில் ஓட்டியதில்லை

ஜூன் மாதம் வந்தால், பிளஸ் டூ முடித்த பையன் இருக்கிற பள்ளிபாளையத்து வீடுகளில் இரண்டே கேள்விகள்தான். எந்தக் காலேஜ்? எந்த வண்டி? முதல் கேள்விக்கு மாமன், மச்சான், டியூஷன் வாத்தியார் என்று ஒருவர் விடாமல் யோசனை கேட்கிறார்கள். இரண்டாவதைப் பையனே முடிவு செய்துவிடுகிறான். பதினெட்டு முடிந்து, ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போட்டு, லைசென்ஸ் வந்த அன்றே சாவி அவன் பையில். அதற்குப் பிறகு எங்கே போகிறாய், எப்போது வருவாய், பின்னால் யார் என்று கேட்டால் அது அவனை அவமதிப்பதாம். "அதான் லைசென்ஸ் வாங்கீட்டானுங்களே, இன்னும் என்னத்தக் கேக்கறது?" என்கிறார்கள்.

கேட்க வேண்டியதே அந்த நாளில் இருந்துதான் என்பது என் கட்சி. அரசாங்கம் கொடுப்பது முதல் லைசென்ஸ். இரண்டாவதை வீடு கொடுக்க வேண்டும். அதையும் ஒரே நாளில் கொடுக்கக் கூடாது. படிப்படியாகக் கொடுக்க வேண்டும்.

நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். கண் பார்வை குறைந்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ஆவாரங்காட்டுப் பக்கம் சில தறிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வருஷம் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு லைசென்ஸ் வந்திருக்கிறது. எனக்கு இதில் அக்கறை வந்த காரணம் அதுதான்.

எட்டுப் போடுவது எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். காலை ஊன்றாமல், மெதுவாக, வண்டியைச் சாய்க்காமல் திருப்பத் தெரியும் என்று காட்டுகிறது. சில நிமிஷ வேலை. நடப்பது பகலில், எதிரே வண்டி வராத தரையில். பின்சீட்டில் ஆள் இல்லை, மழை இல்லை, முகத்தில் அடிக்கும் ஹைபீம் வெளிச்சம் இல்லை. எல்எல்ஆர் வாங்கி முப்பது நாள் கழிந்தால் இந்தச் சோதனைக்குப் போகலாம். தேறியவனுக்கு வண்டியை நிறுத்தாமல் வைத்துக்கொள்ளத் தெரியும் என்று நம்பலாம். வண்டியை நிறுத்தத் தெரியுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எல் போர்டு மாட்டி பைக் பழகுகிறவன், கற்றுத்தருகிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. நல்ல விதி. ஆனால் லைசென்ஸ் வந்த மறுநிமிஷம் அந்தத் தடை மொத்தமாகப் போய்விடுகிறது. நேற்று வரை கூட்டாளியை ஏற்றக் கூடாதவன், இன்று அவனை ஏற்றிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குக் குமாரபாளையம் பைபாஸுக்குப் போகலாம். இடையில் எந்தப் படியும் கிடையாது.

லாரிக்கு அப்படி இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு வயதை இருபது என்று வைத்திருக்கிறது. இலகுரக வாகன லைசென்ஸை ஒரு வருஷமாவது வைத்திருந்தால்தான் அவற்றுக்கு எல்எல்ஆரே கிடைக்கும். ஏறும் படியின் அருமை சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. அதை பைக்குக்கு வைக்க மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலேயே இந்தப் படியை எங்கள் தொழில் வைத்திருந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரிக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். யாரும் நேராக டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. முதலில் க்ளீனர். டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சத்தம் கொடுக்க வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்து, டிரைவர் எங்கே காலை எடுக்கிறார், எங்கே ஹாரன் அடிக்கிறார் என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பிறகு ஒரு விடியற்காலையில், காலி வண்டியில், நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஸ்டியரிங் கிடைக்கும். அடுத்தது லோடு, அதுவும் பகலில். அதற்குப் பிறகு ராத்திரி. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறதே, அது கடைசி. எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த இறக்கத்தை முதல் வருஷம் கொடுக்க மாட்டார்கள். க்ளீனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பெரிய டிரைவர் பின்னால் படுத்துத் தூங்குகிறாரே, அந்த ராத்திரிதான் எங்களுக்கு உண்மையான லைசென்ஸ்.

இதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்லவில்லை. தொழில் கற்பது என்றுதான் சொன்னோம்.

இனி நம் ஊர் ரோட்டுக்கு வருவோம். தறி ஊரில் ராத்திரி என்பது பாதிப் பகல். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சைக்கிளும் மொபெட்டும் சந்துக்குள்ளிருந்து ரோட்டுக்கு வரும். எக்ஸ்எல் வண்டியின் முன்னும் பின்னும் நூல் மூட்டை கட்டியிருக்கும். பின்விளக்கை மூட்டை மறைத்திருக்கும். கரும்பு வெட்டும் காலத்தில் ஓடப்பள்ளி பக்கம் டிராக்டர்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். அந்த டிரெய்லரின் பின்புறம் ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால், இருட்டில் அது இருப்பதே தெரியாது. காவிரிப் பாலத்தில் ஈரோட்டுக்குப் போகிற வண்டிகள் ஒன்றை ஒன்று உரசாத குறைதான். திருச்செங்கோடு ரோட்டில் காலேஜ் பஸ்களுக்கு மணி முக்கியம். பைபாஸ் என்பது சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை. அங்கே லாரி பக்கத்தில் போகும்போது அடிக்கிற காற்றே புது ஆளின் ஹேண்டிலை ஆட்டிவிடும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பையன் தலையில் கொட்டுவது நாம்தான்.

நான் சொல்லும் கட்டுப்பாடுகள் இவை. முதல் ஆறு மாதம் பின்சீட்டில் கூட்டாளிகள் கிடையாது. ஆள் ஏறினால் வண்டியின் கனம் மாறுகிறது, பிரேக் பிடிக்கும் தூரம் மாறுகிறது. அதைவிட முக்கியம், ஓட்டுகிறவனின் புத்தி மாறுகிறது. பின்னால் இருப்பவன் "அவன முந்துடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேர் ஏறுகிற கதையைப் பேசவே வேண்டாம். பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றுவது எந்த வயதிலும் குற்றம்.

அதே ஆறு மாதம், இருட்டியபின் தனியாக வண்டி கிடையாது. இருட்டில் ஓட்டவே கூடாது என்று சொல்லவில்லை. அப்பாவோ மாமனோ பின்னால் உட்கார்ந்து வர, ராத்திரியில் ஓட்டிப் பழகட்டும். எதிரே ஹைபீம் வந்தால் வேகத்தைக் குறைத்து ரோட்டின் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பதை யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும்.

அடுத்தது ரோடு. முதலில் ஊருக்குள், பிறகு பாலம் தாண்டி ஈரோடு, அதன்பின் திருச்செங்கோடு, பைபாஸ் கடைசி. நான்காவது, வண்டி. முதல் வண்டி நூறு, நூற்றி இருபத்தைந்து சிசிக்கு மேல் வேண்டாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் பையன்களைக் கேளுங்கள். அங்கே புதிதாக பைக் லைசென்ஸ் எடுப்பவருக்கு 200 சிசி வரைதான். ஒரு வருஷம் கழித்து 400 சிசி வரைக்கும், இன்னொரு வருஷம் கழித்து அதற்கு மேலும் தனித்தனியாகத் தேற வேண்டும். நம் ஊரில் முன்பணம் கட்டக் காசு இருந்தால் போதும், இருநூறு சிசி வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

ஹெல்மெட்டுக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இது இருந்தும் பெட்ரோல் டேங்க் மேல்தான் ஹெல்மெட் உட்கார்ந்து வருகிறது. போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது, வார் மட்டும் போடுவதில்லை. அப்பா மார்க்கெட்டுக்கு வெறும் தலையோடு போய் வரும் வீட்டில் பையனிடம் ஹெல்மெட்டைப் பற்றிப் பேச வாய் வராது. பெற்றவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பையன் வண்டியில் இருக்கும் நேரத்தில் "எங்கடா இருக்கே?" என்று போன் போடக் கூடாது. எடுக்காவிட்டால் திட்டுவோம் என்ற பயத்தில்தான் அவன் ஒரு கையில் எடுக்கிறான்.

இதையெல்லாம் பேசினால் சில வீடுகளில் உடனே பெண் பிள்ளையைக் காட்டுகிறார்கள். "நம்ம புள்ள ஸ்கூட்டி எடுத்தா எங்க போற, யாரு கூட, எத்தன மணிக்கு வருவேன்னு எல்லாமே கேக்கறோமுங்க." கேட்கிறீர்கள், சரி. ஆனால் அந்தக் கேள்விகள் ரோட்டுக்காக வந்தவை அல்ல, ஊர் வாய்க்குப் பயந்து வந்தவை. ரோட்டுக்காகக் கேட்பதென்றால் பையனிடமும் அதே கேள்விகளை, அதே குரலில் கேட்க வேண்டும். என் பேத்தி வளர்ந்து வண்டி எடுக்கும் நாளிலும் இதே பட்டியல்தான் அவளுக்கும். ஒன்று கூடுதலாகவும் இருக்காது, குறைச்சலாகவும் இருக்காது.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். பட்டறையில் கோன் தீர்ந்தால் பத்தாவது படிக்கிற பையனிடம் எக்ஸ்எல் சாவியைக் கொடுத்து அனுப்புவது. "சின்ன வண்டிதானுங்களே" என்கிறார்கள். பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டி. அதற்கும் பெற்றவர் எழுத்தில் சம்மதம் கொடுத்து லைசென்ஸ் எடுக்க வேண்டும். இப்போது விற்கும் எக்ஸ்எல் அதைப் போல இரண்டு மடங்கு. 2019 திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு வந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டியால் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டிக்காரரோ குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஆனால் சட்டம் எப்போதும் பிறகுதான் வரும். 2024 மே 19 விடியற்காலையில் புணேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். 300 சொல்லில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு அவனுக்கு ஜாமீன் கிடைத்ததைப் பற்றி நாடே பேசியது. ஜாமீன் சரியா தப்பா என்று எல்லோரும் பேசினோம். அந்த ராத்திரி அவன் கைக்கு அந்தச் சாவி எப்படிப் போனது என்று அதே அளவுக்குப் பேசவில்லை.

"கட்டுப்பாடு வெச்சா ஒளிஞ்சு ஓட்டுவானுங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. முடிவு தெரியாத கட்டுப்பாட்டை யாரும் மீறத்தான் செய்வார்கள். அதனால் தேதி போட்டு வையுங்கள். எந்த மாதம் ஈரோடு, எந்த மாதம் ராத்திரி, எந்த மாதம் பின்சீட்டு என்று ஒரு தாளில் எழுதி, பையனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒழுங்காக இருந்தால் முன்னாலேயே தளர்த்துங்கள். மீறினால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், அடிக்க வேண்டாம். கூடவே ஒரு வாக்கும் கொடுங்கள்: எந்த நேரத்தில் எங்கே மாட்டிக்கொண்டு கூப்பிட்டாலும் வந்து கூட்டிப் போவோம், அன்றைக்கு ஒரு வார்த்தை திட்ட மாட்டோம். என் பேரன் தாளைப் படித்துவிட்டு, "ஏனுங்க அப்புச்சி, இது என்ன ஜெயிலா?" என்றான். பிறகு தேதிகளைப் பார்த்து, பைபாஸை ஒரு மாதம் முன்னால் இழுக்க முடியுமா என்று பேரம் பேச ஆரம்பித்தான். பேரம் பேசுகிறவன் ஒளிய மாட்டான்.

"ராத்திரி பாவு கொண்டாரணும், ஆள் இல்லை" என்பது அடுத்த சாக்கு. ஆள் இல்லாவிட்டால் நாம் போவோம். பாவு காலை வரை காத்திருந்தால் தறி நிற்கும், அவ்வளவுதான்.

உலகத்தில் இது புதிதும் அல்ல. நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான லைசென்ஸைக் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டு லைசென்ஸில் இருப்பவர் ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை தனியாக ஓட்ட முடியாது. அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் மற்றவர்களை ஏற்ற முடியாது. ஜப்பானில் பைக் லைசென்ஸ் எடுத்த முதல் வருஷம் பின்சீட்டில் ஆள் கூடாது. நம் நாட்டிலும் லைசென்ஸுக்குப் பின் ஒரு வருஷத்துக்கு இந்த இரண்டையும் விதியாக்க வேண்டும். எல் போர்டுக்காரனுக்கு இருக்கும் பின்சீட்டுத் தடையை நீட்டினாலே பாதி வேலை முடிந்தது. அது டெல்லியில் நடக்கும் வரை நம் வீட்டில் நடத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பின்சீட்டைத் திறந்துவிடும் தேதி வரும்போது, அந்தச் சீட்டில் முதலில் நீங்கள் ஏறுங்கள். ஈரோடு பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு, இருட்டியபின் பாலம் வழியாகத் திரும்புங்கள். வழியில் எங்கேயும் கம்பியைப் பிடிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை என்றால் கூட்டாளியை ஏற்றலாம் என்று சொல்லுங்கள். ஒரு தடவையாவது அவன் தோளைப் பிடித்திருந்தால், வீட்டுக்கு வந்து அந்தத் தாளில் இன்னும் மூன்று மாதத்தைக் கூட்டி எழுதுங்கள்.