சாலையை மூடுவதா, லாரியை நிறுத்துவதா?



சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்கள் வளர வளர, அவற்றின் ஓரத்துக் கிராமங்களில் ஒரு கோரிக்கை கிளம்புகிறது. நேற்று வரை சோளக்காடாக இருந்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள், வாசலை ஒட்டிப் போகும் பழைய ஊர்ச் சாலையை நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்கிறார்கள். குழந்தைகள் தெருவில் இறங்க முடியவில்லை, இரவெல்லாம் லாரிச் சத்தம் என்பது அவர்கள் முறையீடு.

அந்த முறையீடு பொய்யல்ல. சுங்கக் கட்டணத்துக்கும் சிக்னலுக்கும் பயந்து, மாட்டு வண்டிக்காக ஏற்பட்ட பாதையில் பத்துச் சக்கர லாரியைத் திருப்புகிறார்கள். நம் மண்டிகளுக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டிகளும் அவற்றில் உண்டு. டிரைவர் மேல் பழி போட்டு நாம் நழுவ முடியாது. விடியுமுன் சரக்கு இறங்க வேண்டும் என்று நெருக்குகிறவர்கள் நாம்தானே!

ஆனால் சாலையை மூடினால் லாரிக்காரருக்கு நஷ்டமில்லை; அவர் பைபாஸில் போய்விடுவார். அடிபடுவது மொபெட்டில் வந்து மாதச் சாமான் வாங்கிப் போகும் கிராமத்துக் குடும்பமும், அவர்களை நம்பிக் கடை வைத்திருக்கும் சிறு மளிகைக்காரரும்தான். தக்காளிப் பெட்டி, பால் கேன், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அந்த வழிதான். நாலு கிலோமீட்டர் சுற்று என்றால் வாடிக்கையாளர் வேறு ஊர்க் கடைக்குப் பழகிவிடுவார். பழகியவரைத் திரும்ப அழைத்து வருவது எவ்வளவு பாடு என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றுப் பாதை தருவார்களே என்று சிலர் கேட்கலாம். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் முழுவதையும் 2019 ஜனவரிக்குள் நீக்கினார்கள். விபத்தைத் தடுக்கச் செய்ததைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்டுக்குப் பதிலாகப் பல இடங்களில் கிடைத்தது உயரம் குறைந்த சுரங்கப்பாதை. மூட்டை உயர அடுக்கிய வண்டி அதில் நுழையாது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கி யாருமே நுழைய முடியாது. மாற்றுப் பாதையைக் கண்ணால் பார்த்த பிறகே பழைய பாதையைப் பற்றிப் பேச வேண்டும்.

கிராமச் சாலை, 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராம ஊராட்சியைச் சேர்ந்த பொதுச் சொத்து. மனை போட்டவரோ குடியிருப்போர் சங்கமோ கேட் வைத்துப் பூட்ட முடியாது. அதே சமயம், அவர்கள் குறைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி, பொதுப் பாதுகாப்பை முன்னிட்டுக் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளை மட்டும் தடுக்கலாம். தடை ஒரு மாதத்துக்கு மேற்பட்டால் அரசிதழில் வெளியிட வேண்டும். ஆக, கனரக லாரியை நிறுத்தச் சாலையையே நிறுத்த வேண்டிய அவசியமில்லை. (உயரத் தடுப்புக் கம்பி நடலாம் என்ற யோசனையும் சொல்கிறார்கள். தீயணைப்பு வண்டியும் அதில் மாட்டிக்கொள்ளும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.)

இந்தத் தடையை நாமே முன்வந்து கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய லாரி பைபாஸ் ஓரத்தில் நிற்கட்டும்; அங்கிருந்து குட்டி யானையில் சரக்கை மாற்றிக் கொண்டு வருவோம். இரட்டை இறக்குக்கூலி விழும், மறுக்கவில்லை. மொத்த வியாபாரிகள் சிலருக்கு இது கசக்கும். அந்தச் செலவை அவர்கள் சில்லறைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டாமல் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மூடும் பேச்சு எழுந்துள்ள ஊர்களில் நம் உறுப்பினர்கள் இப்போதே சாலையின் புல எண்ணைத் தெரிந்துகொண்டு, ‘அ’ பதிவேட்டு நகலையும் புலப்பட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சபைக்குப் போகுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடியிருப்புக்கு நாலு பேராகப் போய், லாரித் தடை மனுவில் அவர்கள் கையெழுத்தையும் கேட்டுப் பாருங்கள். அவர்களும் நம் கடையில் அரிசி வாங்குகிறவர்கள்தான்.