20-ம் தேதி சாயங்காலம் யாரைக் கூப்பிடுவீர்கள்?

திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்தும் நண்பர் போன் செய்தார்.

"ஆபீஸ்ல எட்டு கம்ப்யூட்டர் இருக்குதுங்க. எல்லாமே பழசு. விண்டோஸ் 11 ஏத்த முடியாதுன்னு கடைக்காரர் சொல்லிட்டார். எட்டையும் புதுசா வாங்கப் பணத்துக்கு எங்கே போறது? லினக்ஸ் போட்டா ஓடும்கறாங்க. எந்த லினக்ஸ் நல்லதுங்க?"

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பல சிறிய ஆபீஸ்களில் இதே கவலைதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"20-ம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுற நேரத்துல சிஸ்டம் நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

"பக்கத்துத் தெருவுல சர்வீஸ் பண்ற பையன் ஒருத்தன் இருக்கான்."

"அவனுக்கு எந்த லினக்ஸ் பழக்கம்னு கேளுங்க. பாதி பதில் அங்கேதான் இருக்கு."

மீதி பாதிக்கு, 'தின் கிளையன்ட்' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஒரு சமையல்கட்டில் மொத்தமாகச் சமைத்து, எட்டு இலைக்கும் பரிமாறுவது ஒரு முறை. எல்லா வேலையையும் சர்வரே செய்யும். மேஜையில் இருப்பது திரையைக் காட்டினால் போதும். இதற்குப் பலமான சர்வர் வேண்டும். இன்னொரு முறையில் மளிகைச் சாமான் மட்டும் ஒரே இடத்திலிருந்து வரும். அவரவர் அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம். அதாவது மேஜையில் உள்ள கம்ப்யூட்டர், ஹார்டு டிஸ்க் இல்லாமலே, நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்து லினக்ஸை எடுத்துக்கொண்டு தன் சொந்த புராசஸரிலும் ரேமிலும் ஓடும். 1999-ல் தொடங்கி, 2019-ல் புதிதாக எழுதப்பட்ட எல்.டி.எஸ்.பி. என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ள இரண்டாவது முறையே தோது. ஆனால் பிரவுசர் சுமுகமாக ஓட ஒவ்வொன்றிலும் 4 ஜி.பி. ரேமாவது இருக்கட்டும். சர்வருக்கு கிகாபிட் ஸ்விட்ச் அவசியம்.

இப்போது லினக்ஸ் வகைக்கு வருவோம். எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஆபீஸுக்கு நீண்ட கால ஆதரவு உள்ளதுதான் சரி. உபுண்டு 24.04-க்கும், அதன் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22-க்கும் 2029 வரை ஆதரவு உண்டு. டெபியன் இவற்றுக்கெல்லாம் தாய்வீடு, நிதானமானது. சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். இவற்றில் ஒன்றைப் பழகியவருக்கு மற்றது புரியாமல் போகாது.

இரண்டாவது, உங்கள் வேலைகளைப் பட்டியல் போடுங்கள். டாலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. ஆகவே அதற்கு மட்டும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் வாங்கிய பிறகல்ல, முடிவெடுக்கும் முன்பே சோதித்துவிடுங்கள். பழைய தமிழ்க் கடிதங்கள் யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருவையும் ஏற்றினால்தான் படிக்க முடியும்.

நண்பரின் சர்வீஸ் பையனுக்கு உபுண்டு பழக்கம். அதனால் மின்ட் என்று முடிவாயிற்று. எட்டிலும் போட்டுவிடலாம் என்றார் நண்பர். வேண்டாம், ஒரு மாதம் ஒரே ஒரு மேஜையில் போடுங்கள் என்றேன். எந்த மேஜை? பதினைந்து வருடமாகக் கணக்கு பார்க்கும் அக்காவின் மேஜை. இந்த மாற்றம் வேண்டவே வேண்டாம் என்றவர் அவர்தான்.

நான் போயிருந்த அன்று அக்கா தனியாக அழைத்துக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இது எனக்குப் பழகலைன்னா என்னைய அனுப்பீருவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை ஜி.பி., எத்தனை வருடம் என்று பேசிக்கொண்டிருந்த நாங்கள் யாரும் இதை யோசிக்கவே இல்லை. "நீங்க சரின்னு சொன்னாத்தான் மத்த ஏழுக்கும் போடுவோம்க்கா" என்றேன். நண்பரும் தலையாட்டினார். மறுநாள் முதல் அக்கா ஒரு நோட்டில் குறை எழுத ஆரம்பித்தார்.

முதல் குறை: காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் நம்பர் பேடு வேலை செய்யவில்லை. எங்களுக்கு அது அற்ப விஷயம். நாள் முழுக்க எண்களைத் தட்டுகிறவருக்கு அப்படியா? நம்லாக் தானாக எரியும்படி செட்டிங்கில் மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. மெனு இடது மூலையில் இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும் என்று மொத்தம் பதினோரு குறைகள். ஒன்பது அந்த வாரமே தீர்ந்தன. ஒரு பிரிண்டரை மாற்ற வேண்டி வந்தது. இன்னொன்று, "பழைய கலர் நல்லா இருந்துச்சு" என்பது!

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சர்வர் படுத்தால் எட்டும் படுக்கும். அதனால் சர்வருக்கு நல்ல யு.பி.எஸ்., ஒன்று போனாலும் மற்றது காக்கும்படி இரண்டு ஹார்டு டிஸ்க், தினமும் வெளியே ஒரு பேக்கப் ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். சர்வர் இல்லாமலே ஓடும் லேப்டாப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

இரண்டு 20-ம் தேதிகள் சிக்கலில்லாமல் கடந்த பிறகு அக்கா சரி என்றார். மற்ற ஏழும் மாறின. சந்தேகம் வந்தால் மற்றவர்கள் இப்போது முதலில் போய் நிற்பது அக்காவின் மேஜையில்தான். சர்வீஸ் பையனுக்கு அப்புறம்தான் போன்.

உங்கள் ஆபீஸிலும் இந்தப் பேச்சு வந்தால், எந்த லினக்ஸ் என்று இணையத்தில் தேடுவதற்கு முன், அதன் முன்னால் உட்காரப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.